இரண்டு எழுத்துக்கு ஒரு பேனா

சித்தூர் கடைவீதியில் ஒருவர் கணக்கைத் தெலுங்கிலும் உறவினருக்குக் கடிதத்தைத் தமிழிலும் எழுதினால் யாரும் வியந்து பார்ப்பதில்லை. அந்த மாவட்டம் உருவானது 1911இல். 1953இல் அது ஆந்திரத்தோடு போனது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைக் கோடுகள் இத்தனை முறை நகர்ந்தும் இரண்டு எழுத்துகளும் அங்கேயே இருக்கின்றன. இரண்டையும் தினமும் எழுத, கையைக் கடிக்காத விலையில் ஒரு மைப் பேனா வேண்டுமென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் பார்க்க வேண்டியது நிப்பை. தெலுங்கில் எழுத்தின் தலையில் தலைக்கட்டு, காலடியில் ஒத்து. கூட்டெழுத்து வந்தால் ஒரே இடத்தில் மூன்று வளைவுகள் நெருக்கியடிக்கும். தமிழில் ‘ண’வின் சுழிகளும் ‘ஞ’வின் மடிப்பும் அதே போலத்தான். நிப்பு தடிமனாக இருந்தால் சுழிகள் மையால் அடைபடும். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். பொடியாக எழுதுபவருக்கு மெல்லிய நிப்புதான் சரி.

‘எஃப்’ என்றால் மெல்லியது, ‘ஈஎஃப்’ அதனினும் மெல்லியது, ‘எம்’ நடுத்தரம். ஆனால் இந்த எழுத்துகளை மட்டும் நம்பிவிடக் கூடாது. எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான அளவு கிடையாது. ஜப்பானிய ‘எஃப்’ பெரும்பாலும் ஐரோப்பிய ‘எஃப்’பைவிட மெல்லியது. அடுக்கடுக்கான கோடுகள் கொண்ட எழுத்துகளை எழுதும் நாடு அது.

மெல்லிய நிப்பில் இன்னொரு லாபமும் உண்டு. மலிவான கோடு போட்ட நோட்டுத் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும்; பின்பக்கத்திலும் ஊறித் தெரியும். மெல்லிய நிப்பு தாளில் விடுவது கொஞ்சம் மைதான். கசிவு குறையும், தாளின் இரு பக்கமும் பயன்படும்.

கடைக்குப் போகும்போது சொந்த நோட்டை எடுத்துச் செல்வது நல்லது. கடைக்காரர் நீட்டும் வழவழப்பான தாளில் எந்தப் பேனாவும் ஓடும். நிப்பை மையில் தோய்த்து, கையை அழுத்தாமல் ‘ண’, ‘ஞ’, ‘ஜூ’ என்று எழுதிப் பார்க்கலாம். மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் கோடு இழுக்கலாம். ஒரு திசையில் மட்டும் கீறினால் நிப்பின் இரு பிளவுகளும் சமமாக இல்லை என்று அர்த்தம். பூதக்கண்ணாடி இருந்தால் கண்ணுக்கே தெரியும். மெல்லிய நிப்பில் லேசான உரசல் இயல்பு. தாளைக் கிழிப்பது இயல்பல்ல.

அடுத்தது மை நிரப்பும் முறை. ஃபில்லரால் உடம்புக்குள் நேரே மை ஊற்றும் பேனா நம் ஊருக்குப் பழசு. மை நிறையப் பிடிக்கும், பழுதாக உள்ளே எதுவும் இல்லை. ஒரே குறை: மை பாதிக்குக் கீழே போனதும் கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். சட்டைப் பையில் நீலக் கறை விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். பாதி தீர்ந்ததுமே நிரப்பிவிட்டால் தொல்லை இல்லை. எபோனைட் எனப்படும் கெட்டி ரப்பரில் கடைந்த பேனா சூட்டை எளிதில் கடத்தாது. அதில் இந்தத் தொல்லை குறைவு.

அத்தகைய பேனாக்களுக்கு வெளிநாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. ஆந்திரத்திலேயே ராஜமுந்திரியில் கே.வி.ரத்னம் 1930களில் சுதேசிப் பேனா செய்யத் தொடங்கினார். காந்தியின் கைக்கும் அது போய்ச் சேர்ந்தது. திருப்பதியிலிருந்து புத்தூர், நகரி, திருத்தணி வழியாகச் சென்னை நோக்கி வந்தால் திருவள்ளூர். அங்கே எம்.எஸ்.பாண்டுரங்கன் தொடங்கிய ரங்கா பேனாக்களைக் கடைசல் இயந்திரத்தில் கையாலேயே கடைந்து உருவாக்குகிறார்கள். வெளிநாடுகளிலிருந்தும் அவற்றைத் தேடி வாங்குபவர்கள் உண்டு. ஆனால் கையால் செய்த பேனாவின் விலை ஒரு மாணவரின் பையைத் தாண்டும். அவருக்குப் பள்ளிக்கூடச் சாமான் கடையில் கிடைக்கும் சாதாரண இந்தியப் பேனாவே போதும், நிப்பைச் சோதித்து வாங்கினால்.

கணக்கும் சாதகமாகவே இருக்கிறது. ஒரு முறைக்கு 2 மி.லி. மை என்று வைத்தால் 60 மி.லி. புட்டி 30 முறைக்கு வரும். தேர்வுக்காக நாள் முழுவதும் எழுதிப் பழகுபவருக்கு விரல் வலியும் மிச்சம். பால்பாயிண்ட்டை அழுத்த வேண்டும். மைப் பேனாவைத் தாளில் வைத்தாலே போதும். தீர்ந்ததும் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கும் குறையும்.

எல்லா வேலைக்கும் இது ஆகாது. சாதாரண மை தண்ணீர் பட்டால் கரையும். தபால் முகவரிக்கும் காசோலைக்கும் பால்பாயிண்ட்டே பாதுகாப்பு. கார்பன் வைத்துப் பிரதி எடுக்கவும் அதுதான். விடையை வட்டத்தில் கருக்கும் தேர்வுகளிலும் மைப் பேனா உதவாது.

பராமரிப்பு சுலபம். மாதம் ஒரு முறை கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் அலசினால் போதும். வெந்நீர் வேண்டாம். பல நாள் எழுதப் போவதில்லை என்றால் மையைக் கொட்டிக் கழுவி வைக்க வேண்டும். காய்ந்த மைதான் பேனாவை அதிகம் கெடுக்கிறது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர் ஒரு காலத்தில் சேவுக்கும் வெள்ளரிக்கும் இணையாகப் பேனா நிப்புக்கும் பெயர் பெற்றிருந்தது. பால்பாயிண்ட் பரவியதும் அந்தத் தொழில் நொடித்தது. ஊருக்கு ஊர் இருந்த பேனா ரிப்பேர்க் கடைகளும் மறைந்துவருகின்றன. நிப்பு தனியாகக் கிடைக்குமா, மாற்றித் தருவார்களா என்று கேட்காமல் வாங்கிய பேனா, ஒரு முறை தரையில் குத்தி விழுந்ததும் குப்பைக்குத்தான் போகும். விலையைக் கேட்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுவது உத்தமம்.