வேற்றுக்கிரகத்து நிரலாளர்

1996-இல் வெளியான ‘இன்டிபென்டன்ஸ் டே’ படத்தில், பூமியை அழிக்க வந்த விண்கலத்தின் கணினிக்குள் நம்மாள் ஒருவர் தன் மடிக்கணினியிலிருந்து வைரஸை ஏற்றிவிடுவார். கலத்தின் பாதுகாப்பு அப்படியே படுத்துவிடும். பக்கத்து மேசை பிரிண்டரை நம் கணினியோடு பேசவைக்கவே படாத பாடு படுகிறோம், இது எப்படி என்று கணினிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் காட்சிக்குப் பின்னால் உருப்படியான கேள்வி ஒன்று இருக்கிறது. அறிவுள்ள வேற்றுக்கிரகவாசிகள் எங்காவது இருந்து, அவர்களும் கணினி செய்திருந்தால், அவர்கள் எழுதும் நிரல் எப்படி இருக்கும்? அவர்கள் கணினியால் கணக்கிட முடிந்தது எதுவோ, அதை நம் கணினியாலும் கணக்கிட முடியும் என்பது என் கணிப்பு. எழுதும் விதம் மட்டும் நமக்குப் பிடிபடாது.

முதல் பாதிக்கு ஆதாரம் வலுவானது. கணக்கிடுதல் என்றால் என்ன என்ற கேள்விக்கு 1936-இல் இரண்டு பேர் தனித்தனியாக விடை சொன்னார்கள். அமெரிக்காவில் அலோன்சோ சர்ச், சார்புகளை ஒன்றுக்குள் ஒன்று பொருத்துவதைத் தவிர வேறெதுவும் இல்லாத லாம்டா கால்குலஸை முன்வைத்தார். இங்கிலாந்தில் ஆலன் டூரிங், நீண்ட நாடாவில் குறி எழுதி அழிக்கும் கற்பனை இயந்திரத்தை விவரித்தார். பார்வைக்கு இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் ஒன்றால் முடிந்தது மற்றதாலும் முடியும் என்று டூரிங் தன் கட்டுரையின் பின்னிணைப்பிலேயே காட்டிவிட்டார். இருவரும் ஒரே கணித மரபில் வளர்ந்தவர்கள், விடை ஒத்துப்போனதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விதி 110 பதில் சொல்கிறது. ஒரு வரிசைக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. அடுத்த நொடியில் ஒரு கட்டம் என்னவாகும் என்பதை அதுவும் இரு பக்கத்து அண்டைக் கட்டங்களும் சேர்ந்து முடிவுசெய்யும். எட்டே எட்டு விதிகள், அவ்வளவுதான். கணினியாக இருக்கட்டும் என்று யாரும் இதைத் திட்டமிடவில்லை. இருந்தும் எந்தக் கணினியின் வேலையையும் இதைக் கொண்டு செய்யலாம் என்ற மேத்யூ குக்கின் நிரூபணம் 2004-இல் வெளியானது. இவ்வளவு எளிய பொருளிலேயே முழுக் கணக்கிடும் வலிமை கேட்காமல் வந்து நிற்கும்போது, அதை மனித மரபின் சொத்து என்று சொல்லிக்கொள்ள முடியாது. குவாண்டம் கணினியும் இதை மாற்றுவதில்லை. சில வேலைகளை அது விரைவாக முடிக்கும், கணக்கிடவே முடியாததைக் கணக்கிடாது.

எழுதும் விதத்துக்கு வந்தால் கதை வேறு. இரண்டுக்குப் பதில் மூன்றை அடிப்படையாகக் கொள்வார்களா என்பதெல்லாம் சின்ன விஷயம். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நிக்கோலாய் புருசென்ட்சோவ் குழு 1958-இலேயே ‘செதுன்’ என்ற மும்மைக் கணினியைச் செய்து ஓட்டிவிட்டது. ஆழமான வேறுபாடு எழுதுபவரின் உடம்பிலும் நினைவாற்றலிலும் இருந்து வரும். பழைய ஃபோர்ட்ரான் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துளை அட்டைக்கு 80 பத்திகள். முதல் ஐந்து, வரியின் எண்ணுக்கு. ஆறாவதில் குறியிட்டால் முந்தைய அட்டையின் தொடர்ச்சி. 7 முதல் 72 வரை நிரல். 73 முதல் 80 வரை உள்ளதைக் கணினி கண்டுகொள்ளவே கொள்ளாது. கட்டு கை தவறி விழுந்தால் மறுபடி அடுக்குவதற்கான வரிசை எண்ணுக்கு அந்த இடம். கை நழுவும் உயிரினத்துக்கு மட்டுமே அது தேவை. அட்டை ஒழிந்து பல காலம் ஆகியும், பைத்தானின் நடை வழிகாட்டி ஒரு வரிக்கு 79 எழுத்து என்கிறது.

மாறிகளுக்கு நாம் வைக்கும் பெயர்களும் வேலையைச் சிறு சிறு சார்புகளாக உடைப்பதும் இதே வகைதான். இயந்திரத்துக்கு இவை வேண்டியதில்லை, நமக்கு மறந்துவிடும் என்பதற்காகச் செய்கிறோம். நகரும் காலத்தில் ஓடும் செயலை மனக்கண்ணில் பிடிக்க நம்மால் சரியாக முடிவதில்லை என்ற காரணத்தைச் சொல்லித்தான், 1968-இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, நிரலில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவவைக்கும் ‘கோ டு’ கட்டளையைக் கைவிடச் சொன்னார். ஆக்டோபஸுக்கு ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள், பெரும்பகுதி கைகளில். அப்படியொரு உயிர் நிரல் எழுதினால், வரிக்குப் பின் வரி என்ற நம் ஒழுங்கு அதற்குத் தோன்றவே தோன்றாமல் போகலாம்.

எழுதவே மாட்டார்கள், வளர்ப்பார்கள் என்றும் வாதிடலாம். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் தாம்சன் 1996-இல் அதைச் செய்தே காட்டினார். ஒரு சில்லின் நூறு அலகுகளில் ஆயிரக்கணக்கான தலைமுறைகள் பரிணாமத்தை ஓடவிட, 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியையும் 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியையும் பிரித்தறியும் சுற்று உருவானது. வெளியீட்டோடு எந்த இணைப்பும் இல்லாத சில அலகுகளை முடக்கினால்கூட வேலை கெட்டது. வெப்பநிலை மாறினாலும் தடுமாறியது. நன்றாக வேலை செய்யும், பழுதுபார்க்க வழி கிடையாது. விண்மீன்களுக்கிடையே கலம் ஓட்டுகிறவர்கள் நடுவழியில் பழுதுபார்த்தாக வேண்டும், ஆகவே அவர்களும் பிரித்துத்தான் எழுதுவார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் பத்தாயிரம் விவரங்களை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருப்பவருக்குச் ‘சிறிய துண்டு’ என்பது நம் முழு நிரலைவிடப் பெரியதாக இருக்கும்.

1974-இல் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து வேற்றுக்கிரகவாசிகளுக்கு நாம் அனுப்பிய செய்தியில் 1,679 பிட்டுகள். அவற்றை 23-க்கு 73 என்று கட்டம் போட்டு, படமாகப் பார்க்கும் கண் எதிர்முனையில் இருக்கும் என்று நம்பி அனுப்பினோம். அடுத்து அனுப்புகிறவர்கள் படத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, ஓடக்கூடிய சிறு இயந்திரம் ஒன்றின் விதிகளை அனுப்பட்டும். விதி 110-ஐச் சொல்ல எட்டு பிட்டுகள் போதும்.