ஆபரேஷன் ஒரு மணி நேரம். காவல் பத்து நாள்

காலையில் ஒரு பன்னைப் பாலில் நனைத்து நாய்க்குப் போட்டுவிட்டு, கால்நடை ஆஸ்பத்திரியில் “ஊட்டா கொடுக்கவில்லை, சார்” என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை. “ஊட்டா கொடபேடி” என்று டாக்டர் முதல் நாள் சொன்னதை, சோறு போடக் கூடாது என்று அவர் புரிந்துகொண்டார். சோறு போடவில்லை, பன்தானே போட்டார்! மைசூரில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில் இப்படி நடந்தால் அதிசயமில்லை. ஆனால் அந்த ஒரு பன் வளர்த்த பிராணியின் உயிருக்கே உலை வைத்துவிடக் கூடும்.

மயக்க மருந்து ஏறியதும் விழுங்குவதும் இருமுவதும் அடங்கிவிடும். வயிற்றில் உள்ளது மேலே வந்தால் நேராக மூச்சுக்குழலுக்குள் இறங்கும். அதனால்தான் வளர்ந்த நாய்க்கு முதல் நாள் இரவுக்குப் பிறகு பால், பிஸ்கெட் எதுவுமே கூடாது என்கிறார்கள். குட்டிகளை அத்தனை நேரம் பட்டினி போடலாகாது. எத்தனை மணி நேரம், தண்ணீர் எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்வதே சரி. தவறிக் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆபரேஷன் ஒரு நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதும் இதே குறைதான். படிக்கத் தெரியாத எழுத்தின் கீழ் பெயரைப் போட்டுவிட்டு வருவது ரேஷன் கடையில் வேண்டுமானால் செல்லும், இங்கே செல்லாது. பிராணிக்கு வயது அதிகமா, இரத்தப் பரிசோதனை வேண்டுமா, மொத்தச் செலவு என்ன என்று அப்போதே கேட்க வேண்டும். 2003-ல் ஹட்ச் டெலிபோன் விளம்பரத்தால் பிரபலமான பக் நாயைப் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மயக்க மருந்தில் ஆபத்து கூடுதல் என்பதும் பலருக்குத் தெரியாது.

கேட்பதற்குக் கூச்சம் எதற்கு? கன்னட நாட்டில் டாக்டர் கன்னடத்தில் பேசுவது நியாயமே. கன்னடப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதைவிட நல்ல துபாஷி கிடையாது. “ஹொலிகெ” என்றால் தையல், “ஹோளிகெ” என்றால் போளி என்ற வித்தியாசம் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அப்பா, நாய்க்குப் போளி கொடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடலாம்!

உண்மையான சோதனை வீடு திரும்பிய பிறகுதான். அன்று இரவு நாய் தள்ளாடும், முனகும், நடுங்கும், வளர்த்தவரையே அடையாளம் தெரியாததுபோல் பார்க்கும். இது மயக்கத்தின் மிச்சம், பயப்பட வேண்டாம். கட்டிலில் ஏற்றாமல் தரையில் விரிப்புப் போட்டுக் கதகதப்பாகப் படுக்க வைக்க வேண்டும். தண்ணீரும் உணவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஆனால் ஈறு வெளுத்தாலும், தையலிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தாலும், மறுநாளும் எழாமல் எதையும் தொடாமல் கிடந்தாலும் “நாளை பார்க்கலாம்” என்பது கூடாது.

வீட்டு வைத்தியம்தான் பெரிய தொல்லை. காயத்தில் மஞ்சளும் காப்பித்தூளும் அப்புகிறார்கள். வலிக்கிறதே என்று மனிதர் சாப்பிடும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறார்கள். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். ஐப்யூபுரூஃபென் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரக்கத்தில் செய்யும் இந்தக் காரியத்தைவிடச் சும்மா இருப்பது மேல். நாய் தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் கூம்பைக் கழற்றிவிடுவதும் இதே ரகம்.

தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள். அதுவரை குளியல் இல்லை, ஓட்டம் இல்லை, மாடிப்படி இல்லை. இதை யார் பார்த்துக்கொள்வது? ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை செய்பவர், நாய்க்கு ஆபரேஷன் என்று லீவு கேட்டால் சூப்பர்வைசர் சிரிப்பார். கேஷுவல் லீவு தீர்ந்துவிட்டால் சம்பளத்தில் வெட்டு. அதனால் அவசரமில்லாத கருத்தடை ஆபரேஷனை வார விடுமுறைக்கு முந்தைய நாளில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்; விடுமுறை நாளில் ஏதாவது ஆனால் யாரிடம் ஓடுவது என்பதையும் அன்றே கேட்டு வைக்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வாரம் வேண்டவே வேண்டாம். தையலோடு ஒரு பிராணியைத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் உருட்டிக்கொண்டு போவதைவிடக் கொடுமை இல்லை.

லீவு இல்லை என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் தப்பு. கருத்தடை செய்யாத வயதான பெட்டை நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது உண்டு. பருவம் முடிந்த சில வாரங்களில் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும், வாந்தி எடுக்கும், தீனி வேண்டாம் என்று கிடக்கும். அப்போது நாள் பார்க்க நேரமிருக்காது. செலவும் ஆபத்தும் பல மடங்கு.

தெருவில் காது நுனி வெட்டப்பட்ட நாயைக் கண்டால், அதற்குக் கருத்தடை முடிந்தது என்று அர்த்தம். அதைப் பிடித்து, ஆபரேஷன் செய்து, ஆறும்வரை வைத்திருந்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 2023-ல் வந்த மத்திய அரசின் விதிகள் சொல்கின்றன. வீட்டு நாய்க்கு அப்படி விதி எழுதி வைப்பார் யாருமில்லை. ஷிப்டு முடிந்து வருபவரும், பக்கத்து வீட்டு அம்மாவும், பள்ளிவிட்டு வரும் பிள்ளையும்தான் முறை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.