வாரண்டி கிடையாதா? எழுதிக் கொடுங்கள்

கார் வாரண்டி கோரிக்கைகளை டீலர்கள் கையாளும் விதம் குறித்து எங்கள் நுகர்வோர் அமைப்பின் நிலைப்பாடு இது: வாரண்டியில் செய்ய முடியாது என்று சொல்லும் டீலர், காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வாய்வார்த்தையாக மறுப்பதைச் சேவைக் குறைபாடாகவே கருத வேண்டும்.

எழுத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்பது சர்வீஸ் கவுன்டரில் கால்கடுக்க நின்றவர்களுக்குத் தெரியும். முதல் கியரில் வண்டி உதறுகிறது என்பார் உரிமையாளர். ஜாப் கார்டில் ‘ஜெனரல் செக்கப்’ என்று ஏறும். இப்படியே நாலு தடவை போய்வந்தால், வாரண்டிக் காலத்துக்குள் புகார் சொன்னதற்கே தடயம் இருக்காது. இன்ஜெக்டர் போனால் ‘கலப்பட டீசல்’ என்பார்கள். எந்த ஆய்வகத்தில் சோதித்தீர்கள் என்றால் பதில் வராது. விடாமல் கேட்டால், ‘கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம் சார், அப்ரூவல் வரல.’ கம்பெனியைக் கேட்டால் டீலரைக் கைகாட்டும்.

‘வெளியில கை வச்சுட்டீங்க, வாரண்டி போச்சு’ என்பது இன்னொரு பல்லவி. 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவு, வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்ற ஒட்டுமொத்த நிபந்தனை கூடாது என்றது. வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு விஷயம்; அந்த நியாயத்தில் எங்களுக்கு ஐயமில்லை. ஸ்டீரியோ மாற்றியதற்கு கியர்பாக்ஸ் வாரண்டி ஏன் போக வேண்டும்?

பழுதுக்கு உரிமையாளர்தான் காரணம் என்று சொல்பவரே அதை நிரூபிக்கட்டும். ஏர்பேக் விரியாத ஹூண்டாய் க்ரெட்டா வழக்கில், மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் இயற்பியல் வல்லுநராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியது. கிளட்சுக்கும் இன்ஜெக்டருக்கும் இது பொருந்தாதா?

அதேசமயம், தேய்ந்துபோன பிரேக் பேடுக்கு வாரண்டி கேட்டு மல்லுக்கட்டுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஒரு பாகம் பழுதானதற்குப் புதுக் காரே வேண்டும் என்பதும் நிற்காது. வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்கே என்று 2006-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அந்தப் பாகம் வரும்வரை ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் நாட்களை வாரண்டிக் காலத்தோடு கூட்டித்தர வேண்டும். மத்திய அரசு இதை விதியாக்க வேண்டும் என்று கோருகிறோம்.

விதி வரும்வரை கையில் இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய காருக்கு மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டம் போதும். 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட காருக்கு மனுக் கட்டணம் 200 ரூபாயைத் தாண்டாது. ஆனால் வழக்குக்குக் காரணம் எழுந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுத் தப்பிக்க இடம் கொடுக்காதீர்கள். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதியலாம்.

நீங்கள் சொன்ன குறை, சொன்னபடியே ஜாப் கார்டில் ஏறாதவரை சாவியைக் கொடுக்காதீர்கள்.