செயலிக்குச் சொன்னது யாருக்குப் போகிறது?

அம்மாவிடம் கதைக்கக் கூச்சப்படுகிற விஷயங்களை நாங்கள் ஃபோனிடம் கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறோம். பீரியட்ஸ் எந்தத் திகதியில் வந்தது, எத்தனை நாள் தள்ளிப்போனது, வலி எப்படி, உடலுறவு நடந்ததா, எல்லாமே. ஃபோன் முறைச்சுப் பார்க்காது, ஊருக்குள்ள கதை கட்டாது என்ற நம்பிக்கைதான்.

அந்த நம்பிக்கைக்கு என்ன நடந்தது என்பதற்கு ஃப்ளோ நல்ல உதாரணம். உலகெங்கும் பத்துக் கோடிக்கும் அதிகமானோர் பயன்படுத்திய மாதவிடாய்ச் செயலி அது. உங்கள் உடல்நல விவரங்களை வெளியே கொடுக்கமாட்டோம் என்று சொல்லித்தான் ஆட்களைச் சேர்த்தது. ஆனால் செயலிக்குள்ளே பேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களின் மென்பொருள் துண்டுகள் இருந்தன. ஒரு பெண் தான் கர்ப்பம் என்று பதிந்தால், அந்தத் தகவல் அவற்றின் வழியே வெளியே போனது. 2019இல் வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் இதை வெளிக்கொண்டுவந்தது. 2021இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு அந்த நிறுவனத்துடன் ஓர் இணக்கத்துக்கு வந்தது. இனிமேல் அனுமதி கேட்டுத்தான் பகிர வேண்டும் என்றார்கள். அபராதம் இல்லை. 2025 ஓகஸ்டில்தான் கலிபோர்னியாவில் ஒரு ஜூரி, பேஸ்புக்கின் உரிமையாளரான மெற்றா இத்தகவல்களைப் பயனர்களின் சம்மதமின்றிச் சேகரித்தது என்று தீர்ப்பளித்தது.

"அது அமெரிக்கா. எங்களிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காகத் தவிர, இலங்கையில் கருக்கலைப்புக் குற்றம். அப்படிப்பட்ட நாட்டில் தள்ளிப்போன ஒரு திகதி வெறும் திகதி அல்ல. அது யாருடைய கையில் இருக்கிறது என்பது ஒரு பெண்ணின் பாதுகாப்புப் பற்றிய கேள்வி.

எங்களுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். உடல்நலத் தகவலை விசேட பாதுகாப்புத் தேவைப்படும் வகையில் அது வைத்திருக்கிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன. அரசாங்கம் அதைப் பிற்போட்டது. சட்டம் தாளில் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்?

சம்மதம் என்ற சொல்லையும் நாங்கள் கேள்வி கேட்க வேண்டும். 'சம்மதிக்கிறேன்' என்று அழுத்துகிற பக்கம் பெரும்பாலும் நீண்ட சட்ட ஆங்கிலத்தில் இருக்கிறது. விளங்காத மொழியில் வாங்கியது சம்மதம் இல்லை, கையெழுத்து மட்டும்தான். எங்கட உடம்பைப் பற்றி எங்களிடம் அனுமதி கேட்பவர்கள் தமிழிலும் சிங்களத்திலும், நாலு வரியில், கேட்க வேண்டும். இதைச் சட்டமே கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை எங்களால் செய்யக்கூடியதும் உண்டு. ட்ரிப் போன்ற சில செயலிகள் தரவை ஃபோனிலேயே வைத்துக்கொள்கின்றன, அவற்றைப் பாவிக்கலாம். ஒரு செயலியை விட்டுவிலகும்போது ஃபோனிலிருந்து அழித்தால் மட்டும் போதாது. முதலில் கணக்கையே நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் நிறுவனத்திடம் உள்ள பதிவுகள் அப்படியே இருக்கும்.

ஆனால் பொறுப்பு முழுவதையும் பெண்களின் தலையில் கட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை. வீட்டில் இதைப் பற்றிக் கதைக்க முடியாத மௌனம்தான் எங்களைச் செயலியிடம் அனுப்பியது. அந்த மௌனத்தை வைத்து இன்னொருவர் காசு பார்ப்பதைத் தடுப்பது அரசின் வேலை. அதை நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம்.