நாவும் விலைப்பட்டியலும்

2018ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நியூயோர்க் நகரில் ஒரு போத்தல் சிவப்பு வைன் 558,000 அமெரிக்க டொலருக்கு ஏலம் போயிற்று. பிரான்சின் பேர்கண்டிப் பகுதியில், றொமனே-கொந்தி என்னும் தோட்டத்தில், 1945ஆம் ஆண்டு விளைந்த திராட்சையின் சாறு அது. தோட்டத்தின் பரப்பு 2 ஹெக்டேருக்கும் குறைவு. அவ்வாண்டு அங்கே நிரப்பப்பட்டவை ஏறத்தாழ 600 போத்தல்கள். இத்தகைய போத்தல்களுட் பல திறக்கப்படுவதேயில்லை. ஓர் இருட்டறையிலிருந்து மற்றோர் இருட்டறைக்கும், ஓர் ஏலத்திலிருந்து மற்றோர் ஏலத்துக்கும் அவை பயணஞ் செய்கின்றன. எவர் நாவிலும் ஒரு துளி படாத பொருளைச் சுவையின் சிகரம் என்று கொண்டாடும் விந்தையை என்னென்பது!

சிவப்பு வைனைச் சுவைத்தறிதல் ஒரு கலை என்கின்றனர். அதனை நாம் மறுக்கவில்லை. அக்கலை பிறவிப் பேறு என்றும், உயர்குடியிற் பிறந்து உயர்ந்த விலை கொடுக்க வல்லாருக்கே வாய்க்கும் அருள் என்றும் சொல்லும்போதுதான் வழக்குத் தொடங்குகிறது. சுவை ஓர் அறிவு. அது கையுழைப்பிலே பிறந்தது. அவ்வறிவை விலை களவாடி, தன் பெயரை அதற்குச் சூட்டிக்கொண்டுள்ளது. இதுவே நமது வாதம். (குடியைப் பரப்புவது நமது நோக்கமன்று. கூலி கிடைத்த நாளிற் குடி எத்தனை வீடுகளின் உலையை அணைக்கிறது என்பதை நம் ஊர்களிற் கண்டிருக்கிறோம்.)

முதலிற் பொருளை விளங்கிக்கொள்வோம். கருந்திராட்சை பெரும்பாலானவற்றின் சாறு நிறமற்றது. நசுக்கிய பழத்தின் தோல் சாற்றோடு பல நாள் ஊறிப் புளிக்கும்போதே நிறம் இறங்குகிறது. தோலிலும் விதையிலுமிருந்து துவர்ப்பும் உடன் இறங்குகிறது. இளம் வைன் ஊதா கலந்த செம்மையுடையது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் விளிம்பு செங்கல் நிறங் கொள்ளும். கிண்ணத்தைச் சாய்த்து வெள்ளைத் துணிக்கு மேலே பிடிப்பது இதனைக் காண்பதற்கே. சுழற்றுவது மணத்தை எழுப்புவதற்கு. வாயிற் கொண்டு சிறிது காற்றை உள்ளிழுப்பது, மணம் தொண்டை வழியாக மூக்கின் பின்புறம் ஏறுவதற்கு. நாம் சுவை என்று சொல்வதிற் பெரும்பகுதி மூக்கின் வேலை. தடிமன் பிடித்த நாளிற் சோறு சப்பென்றிருப்பதை யார் அறியார்? கபர்னே சோவினியோன் என்னும் இனத்தின் பழத்தை முதிராமற் பறித்தால் வைனிற் கறிமிளகாயின் பச்சை வாடை எழும். விதை முற்றுமுன் பறித்தால் துவர்ப்பு வாயைப் பிடிக்கும். ஆதலால், பழத்தை மென்று, விதையைக் கடித்து, பறிக்கும் நாளைக் குறிக்கும் தோட்டத்து மனிதனே முதற் சுவைஞன். விருந்து மேசையில் இருப்பவர் அவனுக்கு நெடுந்தூரம் பின்னே வருகிறார்.

இத்துவர்ப்பைச் சொல்ல ஐரோப்பியச் சுவைஞர் பட்டு, வெல்வெட், மணற்றாள் என உவமை தேடி அலைகின்றனர். தமிழிலே அது அறுசுவையுள் ஒன்று. பாக்கும் வாழைப்பூவும் அறிந்த நாவுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. நாவற்பழந் தின்று நாக்கை ஊதாவாக்கிக்கொண்டு பள்ளிக்கு வரும் யாழ்ப்பாணத்துச் சிறுவன், சிவப்பு வைனின் நிறமும் துவர்ப்பும் பற்றிய முதற் பாடத்தை எவரும் கற்பியாமலே கற்றவன் அன்றோ? பிறவிப் பேறு எங்கே வந்தது?

இனி, அந்தப் புகழ்பெற்ற பட்டியலுக்கு வருவோம். 1855இற் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காகப் பொர்டோப் பகுதி வைன்களைத் தரம் பிரிக்கும் பணி அந்நகரத்துத் தரகர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தரகர்கள் கிண்ணங்களை வரிசையாக வைத்துச் சோதனை நடத்தவில்லை, கணக்கேடுகளைப் புரட்டினர். எந்தத் தோட்டத்து வைன் நெடுங்காலமாக என்ன விலைக்குப் போயிற்று என்று பார்த்தனர். அவ்விலை வரிசையே தர வரிசையாயிற்று. சிவப்பு வைன்கள் ஐந்து வகுப்பாகப் பிரிக்கப்பட்டன. முதல் வகுப்பில் லாபீட், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் என்னும் நான்கும் அமர்ந்தன. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பட்டியலே ஆட்சி செய்கிறது. அதன் பின்னர் முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டது மூத்தோன்-றொத்ஷில்ட் ஒன்றே, அதுவும் 1973இல். உரிமையாளர் அயல் நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் வகுப்பு மாறுவதில்லை. வகுப்பு மண்ணுக்கன்று, பெயருக்கே.

விலையும் சுவையறிந்தோர் கொடுத்ததுதானே என்று வாதிடுவர். ஓரளவுக்கு உண்மை. ஆயின் பட்டியல் அச்சேறிய மறுநாளிலிருந்து நடந்தது என்ன? விலை உயர்ந்ததால் வகுப்பு உயர்ந்தது. வகுப்பு உயர்ந்ததால் விலை உயர்ந்தது. இந்தச் செக்கிலே சுவைக்கு இடம் எங்கே? 1883 முதல் கொழும்பில் நடைபெற்றுவரும் தேயிலை ஏலத்தை அறிந்தோருக்கு இவ்வேற்பாடு புதிதன்று. அங்கும் தரகரே வாயிலிட்டுச் சுழற்றி உமிழ்ந்து தரஞ் சொல்கிறார். கொழுந்து கொய்தவளின் நாவை எவரும் கேட்பதில்லை.

விலை கணக்கேட்டோடு நின்றுவிடவும் இல்லை. மனிதனின் மண்டைக்குள்ளும் புகுந்துவிட்டது. 2008இல் வெளியான ஒரு கலிபோர்னிய ஆய்விற் சிலருக்கு ஒரே சிவப்பு வைனை இருமுறை கொடுத்து, ஒருமுறை 5 டொலர் என்றும் மறுமுறை 45 டொலர் என்றும் சொன்னார்கள். 45 டொலர் என்றபோது நன்றாயிருக்கிறது என்றனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. இன்பத்தை உணரும் மூளைப்பகுதியும் அவ்வேளையிற் கூடுதலாக இயங்கியதைக் கருவி காட்டிற்று. முதலாளித்துவம் நம் உழைப்பை மட்டுமன்று, நம் புலன்களையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

ரூடி குர்னியாவன் என்பவரின் வரலாறு இன்னும் சுவையானது. அமெரிக்கச் செல்வர்களுக்குப் பழம்பெரும் பேர்கண்டி, பொர்டோ வைன்களை விற்றுவந்த இவர், கலிபோர்னியாவிலுள்ள தம் வீட்டிலேயே மலிவான வைன்களைக் கலந்து, பழைய போத்தல்களில் நிரப்பி, புதிதாக அச்சிட்ட பழைய லேபல்களை ஒட்டிவந்தார். 2013இற் குற்றவாளியெனத் தீர்ப்பாகி, 2014இற் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவரைக் காட்டிக்கொடுத்தது எந்தச் செல்வச் சீமானின் நாவுமன்று, நாட்காட்டியே. பொன்சோ குடும்பத்தார் குளோ சான்-தெனி என்னும் வைனைச் செய்யத் தொடங்கியது 1980களில். ஏலத்துக்கு வந்த போத்தல்களிலோ அதற்குப் பல பதிற்றாண்டுகள் முந்திய ஆண்டுகள் அச்சிடப்பட்டிருந்தன. 2008இல் அக்குடும்பத்தவர் ஏலக்கூடத்துக்கே சென்று விற்பனையைத் தடுத்தார். இந்நாடகத்தில் உண்மையான நாவுடையவர் யார்? எதனோடு எதைக் கலந்தால் முதிர்ந்த வைனின் மணம் வரும் என்று அறிந்த மோசடிக்காரரே! வாங்கியோர் அருந்தியது லேபலை.

இவ்விடத்தில் வேறொரு கூட்டத்தார் கைதட்டுகின்றனர். சுவையென்று ஒன்றுமேயில்லை, எல்லாம் பாசாங்கு என்பது அவர்கள் கட்சி. 2001இல் வெளியான பொர்டோ ஆய்வொன்றை அவர்கள் கையில் ஏந்தி வருவர். வைன் நூல் பயிலும் 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் மணமற்ற சிவப்புச் சாயங் கலந்து கொடுத்தபோது, அவர்கள் சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே அதனை வருணித்தனர். உண்மைதான். ஆயின் இதனாற் பெறப்படுவது, கண் மூக்கை இழுத்துச் செல்லும் என்பதே, மூக்கு இல்லையென்பதன்று. கானல் நீரைக் கண்டு ஏமாந்தவன் உண்டென்பதால் உலகில் நீரே இல்லையென்று தீர்ப்பளிக்கலாமா? பெயரையும் விலையையும் மறைத்தால் நாவு பேசத் தொடங்கும். 1976இற் பாரிசிற் போத்தலின் பெயர் மறைத்து நடத்திய சோதனையில், பிரெஞ்சு நடுவர்களே தம் நாட்டு மூத்தோனை விடக் கலிபோர்னியச் சிவப்பு வைனொன்றுக்கு முதலிடந் தந்தனர். பெயர் தெரிந்திருந்தால் தருவார்களா?

எல்லாம் பாசாங்கு என்னும் இவ்வாதம் முற்போக்கானது போலத் தோன்றும். அதன் முடிவோ பிற்போக்கானது. நல்லதற்கும் தீயதற்கும் வேறுபாடில்லையென்றால், தொழிலாளிக்குக் கலப்பட மதுவைக் கொடுத்தால் என்ன, கலப்பட எண்ணெயைக் கொடுத்தால் என்ன, மட்டரகப் புத்தகத்தைக் கொடுத்தால்தான் என்ன? மட்டமானதை விற்பவனுக்கு இதனினும் வசதியான தத்துவம் கிடையாது.

நம் தோழர்களிலும் சிலர், வைன் பூர்ஷ்வாக்களின் பானம், அதைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்பர். 1868இல் மார்க்ஸின் மகள் ஜென்னியின் வினாவேட்டில், இன்பம் யாது என்ற வினாவுக்கு ஏங்கெல்ஸ் எழுதிய விடை 1848ஆம் ஆண்டுச் சாட்டோ மார்கோ என்பதாகும். முதல் வகுப்புச் சிவப்பு வைன். புரட்சி ஆண்டின் விளைச்சல்! மார்க்ஸும் 1843இல் மோசல் ஆற்றங்கரைத் திராட்சைக் குடியானவரின் துயரத்தை எழுதினார். பொருளாதார வினாக்களை நோக்கித் தம்மைத் திருப்பியவற்றுள் அதுவும் ஒன்றெனப் பின்னாளிற் குறித்தார். கிண்ணத்தை இரசித்தவரும் அதை நிரப்பியவரை மறந்தாரல்லர்.

மறந்தோர் வேறு பலர். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனி ஆன்மா உண்டு, அது வைனில் இறங்குகிறது என்று பிரெஞ்சுச் சுவைஞர் கூறுவர். தெர்வார் என்பது அவர்கள் சொல். மண்ணும் சரிவும் வெயிலும் சுவையை மாற்றும் என்பது மெய்யே. ஆனால் 1930களில் அல்ஜீரியாவில் ஏறத்தாழ 4 இலட்சம் ஹெக்டேரில் திராட்சை பயிராயிற்று. மது அருந்தாத முஸ்லிம் மக்களிடமிருந்து பறித்த நிலம். அதே மக்களின் கூலியுழைப்பு. அங்கே விளைந்த கருஞ்சிவப்பு வைன் கப்பல் கப்பலாகப் பிரான்சுக்குச் சென்று, அங்குள்ள வெளிறிய வைன்களுக்கு நிறமும் வலிமையும் ஊட்டிற்று. 1962இல் விடுதலை பெறும் தறுவாயில் உலகிலேயே மிகுதியாக வைன் ஏற்றுமதி செய்த நாடு அல்ஜீரியாதான். அந்த மண்ணின் ஆன்மாவைப் பாடிய சுவைஞர் எத்தனை பேர்? ஆன்மாவும் கொலனிக்கில்லையா?

தென்னாபிரிக்காவின் கேப் பகுதியில் நடந்தது இதனினும் கொடிது. அங்கு பண்ணைத் தொழிலாளரின் கூலியில் ஒரு பகுதி வைனாகவே வழங்கப்பட்டது. டொப் முறை என்று அதற்குப் பெயர். நல்லதைப் போத்தலில் அடைத்துச் சந்தைக்கு அனுப்பினர். மட்டமானதை நாளுக்குப் பலமுறை குவளையில் ஊற்றித் தொழிலாளியின் வாயில் விட்டனர். குடிக்கு அடிமையானவன் பண்ணையை விட்டு எங்கே போவான்? சட்டம் தடைசெய்த பின்னரும் அவ்வழக்கம் பல பதிற்றாண்டுகள் நீடித்தது. கருவிலேயே மதுவால் ஊறுபட்ட குழந்தைகளின் விகிதம் உலகில் மிக அதிகமாகப் பதிவான இடங்களுள் ஒன்று அந்த மாகாணம். ஒரே தோட்டம், ஒரே பழம். ஒருவனுக்கு அது சுவை, மற்றவனுக்கு விலங்கு. இவற்றைப் பிரித்தது நாவன்று, நிலவுடைமை.

வைனைக் கலப்படத்திலிருந்து காத்தவர் தாமே என்றும் இச்சுவைஞர் பெருமை பேசுவதுண்டு. வரலாறு வேறு சொல்கிறது. 1907இற் பிரான்சின் தெற்கே லாங்குதொக் பகுதியில் வைன் விலை வீழ்ந்து குடியானவர் பட்டினியில் வாடினர். சீனியும் நீருங் கலந்து செய்த போலி வைன் சந்தையை நிறைத்ததே காரணம் என்று அவர்கள் கொதித்தெழுந்தனர். ஜூன் 9ஆந் திகதி மொன்பெலியே நகரிற் கூடியோர் 5 இலட்சத்துக்கு மேல். கிளெமென்சோ அரசு படையை ஏவிற்று. நார்பொன்னிற் சுடப்பட்டு மக்கள் மாண்டனர். அப்பகுதிப் பிள்ளைகளே நிறைந்திருந்த 17ஆவது காலாட்படையினர் கலகஞ் செய்தனர். அதன் பின்னரே ஜூன் 29ஆந் திகதிச் சட்டம் வந்தது: விளைச்சலைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும், கலக்குஞ் சீனிக்கு மேலதிக வரி. புதிய திராட்சையோ அதன் சாறோ புளித்துக் கிடைப்பது மட்டுமே வைன் என்ற அரசாணையும் அவ்வாண்டு செப்டெம்பரிற் பிறந்தது. இன்று போத்தலைத் திறப்பவர் உள்ளே இருப்பது திராட்சையென்று நம்ப முடிகிறதென்றால், அந்நம்பிக்கைக்கு விலை கொடுத்தோர் நார்பொன் தெருக்களில் விழுந்தவர்கள்.

அதே லாங்குதொக்கில், மறோசான் என்னும் சிற்றூரில், 1901இலேயே சிறு குடியானவர் கூட்டுறவுச் சங்கமொன்றை அமைத்திருந்தனர். பொதுக் கிடங்கு கட்டி, தரகரை விலக்கி, பாரிஸ் பகுதித் தொழிலாளரின் நுகர்வோர் கூட்டுறவுகளுக்கு வைனை நேரே அனுப்பினர். 1905இற் சோசலிசத் தலைவர் ழான் ஜோரேஸ் அங்கு சென்று பார்த்துப் பாராட்டினார். அந்த வைன் 1855ஆம் ஆண்டுப் பட்டியலின் எந்த வகுப்பையும் சேர்ந்ததன்று. பாரிஸ் கூட்டுறவுகள் அதனைப் பீப்பாக் கணக்கில் வாங்கின.