கட்டடம் பெரிது, கதவு சிறிது!

பத்திரிகைத் தொழிலைக் கற்பிக்கும் பள்ளிக்கூடத்தின் பெருமையைப் பேச வருகிறவர்கள், அதன் கட்டடங்களையும், அச்சு யந்திரங்களையும், புத்தகசாலையையுமே எடுத்துக் காட்டுவது வழக்கம். இந்தப் பெருமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அமெரிக்காவிலுள்ள மிசௌரி சர்வகலாசாலையை வைத்துக்கொண்டு கொஞ்சம் பரிசோதித்துப் பார்ப்போம்.

அங்கு கொலம்பியா என்னும் ஊரில் 1908-ம் வருஷத்தில் பத்திரிகைப் பள்ளி ஏற்பட்டது. அதை ஏற்படுத்திய வால்டர் வில்லியம்ஸ் என்பவர் காலேஜில் படித்துப் பட்டம் பெற்றவரல்லர், அச்சாபீசிலே வளர்ந்தவர். பள்ளி திறந்த முதல் நாளிலேயே மாணவர்கள் ஒரு பத்திரிகையும் வெளியிட்டார்கள். அது வகுப்புக்குள் வைத்துக்கொள்ளும் மாதிரிப் பத்திரிகையல்ல. ஊரார் வாங்கிப் படிக்கும் நிஜப் பத்திரிகை. கரையில் உட்கார்ந்து கொண்டு நீச்சல் கற்க முடியுமா? ஆதலால் இந்த ஏற்பாட்டை நாம் மனதார மெச்சுகிறோம்.

பிறகு 1920-ல், பழைய மாணவர் ஒருவர் தமது தகப்பனாரின் ஞாபகார்த்தமாகக் கொடுத்த பணத்தில் நெஃப் மண்டபம் எழும்பிற்று. 1931-ல் சீனாவிலிருந்து இரண்டு கற்சிங்கங்கள் வெகுமதியாக வந்தன; அவை பிறகு வாசல் வளைவில் உட்கார்ந்தன.

நிற்க, அந்த வாசலின் கதையைக் கேளுங்கள்.

லூசில் புளூஃபோர்டு என்னும் கறுப்பர் இனத்துப் பெண்மணி, கான்சாஸ் நகரில் கறுப்பர்கள் நடத்திவந்த ‘கால்’ பத்திரிகையின் நிர்வாக ஆசிரியர். அவர் 1939-ல் இப்பள்ளியின் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டார். தபாலில் அனுமதி வந்தது. நேரில் போனார், முகத்தின் நிறத்தைப் பார்த்தார்கள், அனுமதி போய்விட்டது! தபாலில் இருந்த யோக்கியதை நேரில் எங்கே போயிற்று? சீனத்துக் கல்லுக்கு இடமிருந்த வாசலில், சுமார் 125 மைல் தூரத்திலிருந்து வந்த பத்திரிகாசிரியைக்கு இடமில்லை. வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுவது என்றால் என்னவென்று நமது வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மையார் சும்மா இருக்கவில்லை. பதினொரு தடவை முயன்றார், கோர்ட்டுக்கும் போனார். கடைசியில் நடந்தது என்ன? 1942-ல் கறுப்பர்களுக்கென்றிருந்த லிங்கன் சர்வகலாசாலையில் தனியாக ஒரு பத்திரிகைப் பள்ளியைத் திறந்தார்கள். யுத்தத்தைக் காரணம் காட்டி, மிசௌரியின் மேல்படிப்பையே நிறுத்தினார்கள். ஒரு பெண் உள்ளே வந்து உட்காருவதைவிட, வகுப்பே இல்லாமற் போவது மேல் என்று எண்ணினார்கள் போலும்! மிசௌரி சர்வகலாசாலையில் கறுப்பர்கள் முதல் முதலாகச் சேர்ந்தது 1950-ல்தான்.

1984-ல் அதே பள்ளி அம்மையாருக்குக் கௌரவப் பதக்கம் அளித்தது. 1989-ல் சர்வகலாசாலை டாக்டர் பட்டமும் கொடுத்தது. கொடுத்தது சரியே. ஆனால் 45 வருஷம் கழித்து வந்த பதக்கம், 1939-ல் சாத்திய கதவைத் திறந்ததாகுமா?

இதனால் நஷ்டம் அம்மையாருக்கு மட்டுமல்ல. ஊரிலுள்ள ஒரு பகுதி ஜனங்களை அறைக்குள் விடாமல் செய்தி எழுதக் கற்றவன், அவர்களைப் பற்றி யாருடைய கண்ணால் பார்த்து எழுதுவான்? அப்படிப்பட்ட எழுத்தை எவ்வளவு உயர்ந்த யந்திரத்தில் அச்சடித்தால்தான் என்ன, பாதி உண்மை முழு உண்மையாகிவிடுமா?

ஆகவே, எந்தத் தேசத்திலாயினும் பத்திரிகைப் பள்ளி கட்டுகிறவர்கள் யந்திரங்களை எண்ணிக் காட்டுவதற்கு முன், நாற்காலிகளில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் யார் இன்னும் வெளியில் நிற்கிறார்கள் என்று எண்ணிக் காட்டட்டும். அதற்குப் பிறகு அவர்களுடைய கட்டடங்களைப் பற்றிப் பேச நாமும் தயார்.