அதிபர் வேலை, ஆசிரியர் சம்பளம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் சிறிய பாடசாலைகள் பலவற்றைக் கடமை நிறைவேற்று அதிபர்களே தாங்கி வந்திருக்கிறார்கள். இவர்கள் ஆசிரியர் சேவையில் இருந்தபடி, ஒரு கடிதத்தோடு பொறுப்பேற்றவர்கள். யுத்த காலத்திலும், 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரையும், படகுப்பாதையேறி அக்கரைக்குப் போகத் தரமுள்ள அதிபர்கள் இலகுவில் முன்வரவில்லை. போனவர் தலையில் பொறுப்பு விழுந்தது.

அந்தப் பொறுப்பில் அரைகுறை எதுவும் கிடையாது. சம்பவத்திரட்டுப் புத்தகம் எழுதுவது, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் காசோலையில் ஒப்பமிடுவது, மதிய உணவுக் கணக்குப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. இரவில் யானை வந்து சமையலறைச் சுவரைத் தள்ளிவிட்டுப் போனால், விடிந்ததும் கிராம உத்தியோகத்தரைத் தேடி ஓடுவதும் அவர்தான். பொருட்பதிவேட்டில் பத்துக் கதிரை குறைந்தால் கணக்காய்வு வினா அவர் பெயருக்கே வரும். சம்பளச் சீட்டில் மட்டும் அவர் ஆசிரியர்.

இந்த நிலை நீடிப்பதற்கு நிருவாகமே காரணம். அதிபர் சேவை மூன்றாம் தரத்துக்கு 2019இல் பரீட்சை வைத்தார்கள். நியமனக் கடிதம் 2023 நவம்பரில்தான் கைக்கு வந்தது. இடையில் 2022 இறுதியில் ஓய்வு வயதை 60 ஆக்கியதால் அனுபவசாலிகள் பலர் ஒரேயடியாக வெளியேறினார்கள். அத்தனை காலமும் பாடசாலை மணி அடித்ததே!

கடமை நிறைவேற்று அதிபர்களை அதிபர் சேவைக்குள் உள்வாங்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு, பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கிறார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் உள்வாங்கல் வேறு, செய்த வேலைக்குக் கூலி வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால், முதலாவதை மறுக்கும்போது இரண்டாவதும் சேர்ந்தே மறுக்கப்படுகிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் இந்த முடிச்சை 1998இலேயே அவிழ்த்துவிட்டது. அந்தமானில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியரான செல்வராஜ், சாரணர் செயலாளர் பொறுப்பைக் கவனித்தவர். அவருக்கு முறையான பதவி உயர்வு இல்லை என்பதை ஏற்ற நீதிமன்றம், வேலை பார்த்த காலத்துக்கு அப்பதவியின் சம்பளத்தைக் கொடுக்கச் சொன்னது. அதே ஆண்டு ஹரி ஓம் சர்மா வழக்கில், உயர் சம்பளம் கேட்கமாட்டேன் என்று ஊழியரிடம் எழுதி வாங்கினாலும் அது செல்லாது என்றது. இத்தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தா. நியாயம் கடல் தாண்டினால் மாறிவிடுமா?

நம் நாட்டில் அடிப்படை உரிமை மனு என்றால் ஒரு மாதத்துக்குள் கொழும்பு உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். படுவான்கரையின் வெல்லாவெளியில் பாடசாலையை விட்டு நகர முடியாதவருக்கு அது எட்டாத தூரம். ஆகவே வழக்குக்குக் காத்திராமல் கிழக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவும் கல்வித் திணைக்களமும் செய்ய வேண்டியது ஒன்று: பொறுப்புக் கடிதத்திலேயே முடிவுத் திகதியைக் குறிப்பிட வேண்டும். அது கடந்தும் நிரந்தர அதிபர் வராவிட்டால், விண்ணப்பமோ சிபாரிசோ கேளாமல், அடுத்த மாதச் சம்பளத்திலேயே வித்தியாசத்தைச் சேர்க்க வேண்டும். 2023இல் புதியவர் வந்ததும் வகுப்பறைக்குத் திரும்பியவர்களின் நிலுவையும் இதில் அடங்க வேண்டும்.